வெண்டையும் வெள்ளை ஈயும்

பயிர்களுக்கு வரும் நோய்களுள் வைரசு என்னும் நச்சுயிரியால் வருவன ஒரு தனி வகையைச் சார்ந்தன. மக்கள் நோய் மக்களோடு நடக்கும். இருமினாற் பரவும், தொட்டாற் பரவும், புகைவண்டியேறிச் சென்னைக்கும் போகும். பயிரோ நட்ட இடத்தில் நிற்பது. அதனுள் வாழும் நச்சுயிரிக்கும் காலில்லை, சிறகில்லை. உயிரணுவுக்குப் புறத்தே தானாக ஒன்றும் செய்ய மாட்டாதது. அங்ஙனமாக, வயலின் ஒரு மூலையிற் கண்ட நோய் ஒரு திங்களுக்குள் வயல் முழுதும் படர்வது எவ்வாறு? பூச்சி சுமந்து செல்கிறது என்பது யாவரும் அறிந்த விடை. ஆயின், பூச்சி நோயுற்ற செடியை ஏன் நாடி வருகிறது? வந்தது ஏன் அதனை விட்டு நலமுள்ள செடிக்குப் போகிறது? இவ்விரண்டாம் கேள்வியே எமக்குப் பெரிதும் வியப்பளித்தது. தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என்று விலங்கியல் வகுப்பு நண்பர்கள் நகைப்பாராயினும், திருத்தணிக்கு அருகில் எம் குடும்பத்தார் பயிரிடும் அரை ஏக்கர் வெண்டைத் தோட்டத்தில் எழுந்த கேள்வியாதலின் அதனைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பூச்சி நோயைச் சுமக்கும் என்பதை முதலிற் கண்டறிந்த பெருமை ஜப்பானுக்குரியது. ஹாஷிமோட்டோ என்னும் பெயருடைய நெல் உழவர் ஒருவர், நெற்பயிர் குட்டையாகிப் போகும் நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்புண்டென்று 1894ஆம் ஆண்டளவிற் காட்டினார். நச்சுயிரி என்பதொரு தனிப்பொருள் உண்டு என்று ஆலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் புகையிலை நோயை ஆராய்ந்து நிறுவியது 1898இல். எனவே, சுமக்கப்படுவது இன்னதென்று உலகம் அறியுமுன்னரே சுமப்பவன் யாரென்பதை ஓர் உழவர் கண்டுகொண்டார் என்க. திருடனைக் காணுமுன் அவன் ஏறிவந்த குதிரையின் குளம்படியைக் கண்டாற்போன்றது இது.

எம் பக்கத்து வயல்களில் இந்நோய்களைக் கண்கூடாகக் காட்டுவது வெண்டை. திருத்தணி மலைப்படிகளில் நின்று கீழே நோக்குவார்க்கு நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையும், இடையிடையே காய்கறித் தோட்டங்களும் புலப்படும். வெண்டை, விதைத்த 45 நாட்களிற் காய்ப்புக்கு வரும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தல் வேண்டும். விட்டால் முற்றி நாராகும். கோயம்பேட்டுச் சந்தைக்கு ஒரே இரவிற் கொண்டு சேர்க்கலாமாதலின் சிறு குடியானவர்க்கு இது கைக்காசு தரும் பயிராம். இதற்கு நேரும் பெருங்கேடு மஞ்சள் நரம்புத் தேமல் நோய். முதற்கண் இளந்தளிரின் நரம்புகள் மட்டும் மஞ்சளிக்கும். அப்போது பச்சை இலைமீது பொன்னிழையால் வலை பின்னினாற்போன்ற தோற்றம் உண்டாகும். அறியாதார் இதனை ஏதோ புதிய அழகுச் செடி என்றே எண்ணுவர். நாளடைவில் இலை முழுதும் மஞ்சளாகும், செடி குன்றும், காய் வெளிறிச் சிறுத்துக் கடினமாகும். தரகர் கூடையைக் கவிழ்த்து வெளிறிய காய்களைக் காலால் ஒதுக்கிவிடுவார்.

பம்பாய் மாகாணத்தில் இந்நோயைக் குல்கர்னி என்பார் 1924இற் குறித்தார். அக்குறிப்பு வெளிவந்தது பூனா வேளாண்மைக் கல்லூரியின் சஞ்சிகையில். கல்லூரிச் சஞ்சிகையை யார் படிக்கிறார்கள் என்று இகழ்வார்க்கு இதனைச் சொல்லி வைக்கிறோம். நூறாண்டு கழிந்த பின்னும் ஆராய்ச்சியாளர் அதனை எடுத்துக் காட்டி வருகின்றனர். இதனைப் பரப்புவது வெள்ளை ஈ என்பது 1950இற் காப்பூர், வர்மா என்னும் இருவரால் தெளிவாயிற்று. 2003இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார், நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி மட்டுமன்று, அதனோடு ஒட்டி வாழும் பீட்டா துணைக்கோள் என்னும் சிறு மரபுத்துண்டும் உடன் வேண்டும் என்று நிறுவினர். அதே 2003இல் வேறொரு செய்தியும் வெளிவந்தது. ஜப்பானியப் பேரரசி கோக்கென் கி.பி. 752இல், கோடைக்காலத்திலேயே மஞ்சளித்து நின்ற ஒரு செடியைக் கண்டு பாடிய பாட்டு மன்யோஷூ என்னும் தொகைநூலில் உள்ளது. அச்செடியின் மஞ்சளுக்குக் காரணமும் இத்தகைய நச்சுயிரியும் துணைக்கோளுமே என்று ஆராய்ந்து கண்டனர். பயிர் நச்சுயிரி நோயைப் பற்றி உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய குறிப்பு ஒரு செய்யுள் என்பது எம்போன்ற இலக்கிய மாணவர்க்கு எத்துணை இனிமை பயக்கும் செய்தி!

நிற்க. அம்மஞ்சள் நிறம் செடிக்கு நோய். பூச்சிக்கு அது யாது?

நம் நாட்டில் திருமண ஓலையின் மூலைகளில் மஞ்சள் தடவி அனுப்புவர். வெண்டையிலையின் மஞ்சளும் அத்தகைய ஓர் அழைப்பே. வெள்ளை ஈ ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே உள்ள சிற்றுயிர். தொலைவிற் பறக்க வலியற்றது. காற்றோடு மிதந்து வந்து, கண்ணுக்கு மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ பட்டவிடத்தில் இறங்கும். உழவர்கள் மஞ்சள் அட்டையில் எண்ணெய்ப்பசை தடவி வயலிற் கட்டித் தொங்கவிடுவது இக்காரணம் பற்றியே. மஞ்சட் பலகை ஈயைப் பிடிக்குமாயின், மஞ்சளித்த செடியும் ஈயைக் கூட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். வேறுபாடு என்னவெனின், பலகையில் இறங்கியது மீளாது. செடியில் இறங்கியது நச்சுயிரியைச் சுமந்துகொண்டு மீளும்.

நிறத்தினும் நுட்பமானது மணம். வெள்ளரித் தேமல் நச்சுயிரி பற்றிய பூசணியினச் செடிகளை அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட செய்தி இவண் குறிக்கத்தக்கது. நோயுற்ற செடி நலமுள்ள செடியினும் மிகுதியாக மணம் வீசுகிறது. அம்மணத்தை நுகர்ந்து அசுவினிப் பூச்சிகள் வருகின்றன. வந்து குத்திப் பார்த்தால் சாறு சுவையற்றது. உடனே எழுந்து வேறு செடிக்குப் போய்விடுகின்றன. தெருவெல்லாம் மணக்கச் சமைத்து, உள்ளே வந்தவர்க்கு உப்பில்லாக் கூழ் வார்ப்பார் வீடு போன்றது அது! ஆயின் நச்சுயிரிக்கு வேண்டுவது இதுவே. வெள்ளரித் தேமல் நச்சுயிரி அசுவினியின் வாய்முனையிற் சில நொடிகளில் ஒட்டிக்கொள்வது. சிலமுறை வேறிடத்திற் குத்தியவுடன் கழன்றுபோவது. விருந்தாளி நெடுநேரம் இருந்து உண்டால் நச்சுயிரிக்குப் பயனில்லை. வருதல் வேண்டும், தொடுதல் வேண்டும், விரைந்து போதல் வேண்டும்.

வெண்டை நோயின் இனத்தைச் சார்ந்த நச்சுயிரிகளுக்கோ இம்முறை ஒவ்வாது. அவை ஈயின் வாய்முனையில் ஒட்டுவன அல்ல. உறிஞ்சிய சாற்றோடு குடலுட் சென்று, குடற்சுவரைக் கடந்து, உடலின் நீரிற் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே அடுத்த செடிக்கு இறங்கவல்லன. அதற்கு நெடுநேரம் வேண்டும். எனவே விருந்தாளி அமர்ந்து வயிறார உண்ணல் வேண்டும். இவ்வினத்தைச் சேர்ந்த நச்சுயிரி ஒன்று பற்றிய புகையிலைச் செடியில் வளர்ந்த வெள்ளை ஈ, நலமுள்ள புகையிலையில் வளர்ந்ததினும் 12 மடங்கு முட்டையிட்டது, 6 மடங்கு நாள் வாழ்ந்தது என்று சீன அறிஞர் 2007இற் கண்டனர். ஏன் இவ்வாறு? செடி தன்னைத் தின்னவரும் பூச்சிக்கு எதிராக டெர்ப்பீன் என்னும் மணப்பொருள்களைச் செய்து வைப்பது வழக்கம். முன்சொன்ன துணைக்கோள் துண்டிலிருந்து பிறக்கும் புரதம் ஒன்று, அப்பொருள்களைச் செய்யும் கட்டளையைச் செடிக்குள்ளேயே அடக்கிவிடுகிறது என்று 2014இல் விளங்கிற்று. அஃதாவது, வாயிற்காவலனை உறங்கவைத்துவிட்டு விருந்தினரை உள்ளே விடுதல். எனினும் ஒன்று சொல்லல் வேண்டும். அந்த 2007ஆம் ஆண்டு ஆய்விலேயே, புதிதாகப் புகுந்த ஓரின வெள்ளை ஈ பெற்ற இப்பெரும்பயனை அந்நாட்டுக்கே உரிய வேறோரினம் பெறவில்லை. ஆதலின் புகையிலையிற் கண்டதனை அப்படியே வெண்டைமேல் ஏற்றி எண் சொல்வது முறையன்று. முறைமை மட்டும் கொள்ளத்தக்கது: நச்சுயிரி எவ்வாறு பயணம் செய்கிறதோ, அதற்கேற்றவாறே அது பற்றிய செடி பூச்சியை நடத்துகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நெல்லைப் பற்றும் துங்ரோ நோய். பிலிப்பைன்ஸ் நாட்டு மொழி ஒன்றில் இச்சொல்லுக்குக் குன்றிய வளர்ச்சி என்பது பொருளாம். தமிழ்நாட்டு வயல்களுக்கு இந்நோய் புதிதன்று. இலை நுனியிலிருந்து மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாறி, பயிர் கட்டை பட்டு நிற்கும். இதனைச் செய்வன இரண்டு நச்சுயிரிகள். கோல் வடிவினது ஒன்று. அதுவே பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது. ஆனால் அது தனித்திருந்தாற் பச்சைத் தத்துப்பூச்சி அதனைச் சுமக்கமாட்டாது. உருண்டை வடிவினது மற்றொன்று. அதனாற் பயிருக்கு வெளிப்படத் தோன்றும் தீங்கு மிகச் சிறிது. ஆனால் பூச்சி அதனைச் சுமக்கும், அதன் துணையிருந்தாற் கோல்வடிவினதனையும் சுமக்கும். முடவனைக் குருடன் தோளில் ஏற்றிச் சென்ற பழங்கதை இங்கே மெய்யாயிற்று. 1985இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், தத்துப்பூச்சிகள் முதலில் நோயுற்ற பயிரையே மிகுதியாக நாடி இறங்கியதும், பின்னர் நலமுள்ள பயிருக்கு மாறியதும் காணப்பட்டன. நோயுற்ற பயிரில் அவை உணவுச்சாறு ஓடும் குழாயை விட்டு, நீர் ஓடும் குழாயிலேயே மிகுதியும் உறிஞ்சினவாம். மஞ்சளைக் கண்டு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் மட்டும் கிடைத்தால் அவன் அடுத்த வீட்டுக்குத்தானே போவான்!

நெல்லைச் சொன்னவிடத்து எம் மாவட்டத்துப் பெருமை ஒன்றையும் சொல்லாமல் அப்பாற் செல்லுதல் இயலவில்லை. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த நெல் வகைகளுக்கு டி.கே.எம். என்று பெயர், அது திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கம். அவற்றுள் டி.கே.எம். 6 என்பதனைத் தண்டுத்துளைப்பானைத் தாங்கும் இயல்புக்காகப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 என்னும் நெல்லை உண்டாக்கி 1969இல் வெளியிட்டனர். அந்நாட்டில் 1971இல் துங்ரோ பெருகியபோது, ஐ.ஆர். 8 போன்றவை சாய, ஐ.ஆர். 20 ஓரளவு தாங்கி நின்றது. தத்துப்பூச்சி விரும்பி உண்ணாத நெல் வகைகள் பின்னும் பல வந்தன. வாயிலிலேயே விருந்தாளியைத் தடுத்தல் அம்முறை. ஆயின் சில ஆண்டுகளிற் பூச்சி அந்நெல்லுக்குப் பழகிக்கொள்வதும், உழவர் வேறு வகை தேடுவதும் இன்றுகாறும் நடந்துவருகின்றன. வெண்டையிலும் பூசா சவானி என்னும் வகை ஒருகாலத்தில் மஞ்சள் நோயைத் தாங்குவதெனப் புகழ்பெற்று, பிற்காலத்தில் அத்திறம் இழந்தது.

இதுவரை சொல்லியது செடியில் நிகழும் மாற்றம். சுமக்கும் பூச்சியின் நடத்தையும் மாறுகிறதென்பது இன்னும் விந்தை. அமெரிக்காவில் ஐடஹோ பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்டது இது: நச்சுயிரி சுமவாத அசுவினி நோயுற்ற கோதுமையை நாடுகிறது; சுமந்த அசுவினி நலமுள்ள கோதுமையை நாடுகிறது. நோயுற்ற செடியைத் தின்றதனால் வந்த மாற்றமோ என ஐயுற்று, செடியே இன்றிச் செயற்கை உணவின் வழியாக நச்சுயிரியை ஊட்டிப் பார்த்தனர். அப்போதும் அவை நலமுள்ளதனையே தேடின. மற்றொன்று இலைப்பேன் பற்றியது. எம் பக்கத்து வேர்க்கடலையில் மொட்டுக் கருகல் நோயைப் பரப்புவது இலைப்பேன். அந்நோயின் நச்சுயிரிக்கு உறவான தக்காளி நச்சுயிரி ஒன்று பற்றிய ஆண் இலைப்பேன், பற்றாததினும் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகச் செடியைக் குத்துகிறது என்று கலிபோர்னியாவில் 2011இற் கண்டனர். குத்து மிகுந்தால் நோயும் மிகும்.

இவற்றையெல்லாம் படிக்குங்கால் எமக்கு அணியிலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. இயல்பாக நிகழும் நிகழ்ச்சிமேற் புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்லுதல் தற்குறிப்பேற்றவணி. மதுரை மதில்மேற் காற்றிலாடிய கொடிகள் கோவலனை வாராதே என்று கைகாட்டியதாக இளங்கோவடிகள் பாடியதனை எடுத்துக்காட்டாகக் கற்றோம். நச்சுயிரி அழைக்கிறது, ஏமாற்றுகிறது, ஏவுகிறது என்று அறிவியலார் எழுதுவதும், மேலே யாம் விருந்து என்று எழுதிவந்ததும் அத்தகையனவே அன்றோ? நச்சுயிரிக்குக் கருத்தில்லை. பல்லாயிரம் தலைமுறைகளில் அது தற்செயலாக மாறிமாறிப் பிறக்கிறது. அவற்றுள் செடியைப் பூச்சியின் கண்ணுக்கோ மூக்குக்கோ எடுத்துக்காட்டும் மாற்றம் பெற்றவை சுமக்கப்பட்டன. பெறாதவை நின்ற செடியோடு மடிந்தன. எஞ்சியவற்றையே யாம் காண்கிறோம்; அவை எல்லாம் சூழ்ச்சி வல்லன போலத் தோன்றுகின்றன. எனினும் வேறுபாடும் ஒன்றுண்டு. கொடி கைகாட்டியதனாற் கோவலன் நிற்கவில்லை. இங்கோ ஈ உண்மையாகவே வருகிறது. ஆதலின், குறிப்பு ஏற்றப்பட்டதாயினும் விளைவு ஏற்றப்பட்டதன்று என்பது எம் துணிபு. நச்சுயிரியை வஞ்சகன் என்று வைவதில் எமக்கு உடன்பாடில்லை. அது வஞ்சகன்போல் வினை செய்கிறது என்பதனை மறந்து வேளாண்மை செய்தலும் இயலாது.

இது வெறும் சொல்லாராய்ச்சியாக முடிந்திருக்கும். எம் பெரியப்பாவின் தோட்டத்தில் அது வழக்காக மாறிற்று. விதைத்து 50 நாள் ஆன வெண்டையில் ஆங்காங்கே மஞ்சள் தலைகாட்டியது. வரப்புக்கு அப்பால், ஆந்திர எல்லையைக் கடந்து நகரிப் பக்கத்திலிருந்து வந்து குத்தகைக்குப் பயிர் செய்யும் தெலுங்கு முதியவர் ஒருவர் அப்போதுதான் வெண்டை விதைத்திருந்தார். அவருடையது இரண்டிலைப் பருவம். இளம்பருவத்தில் நோய் பற்றினால் காய்க்கு வழியே இல்லை; முதிர்ந்த செடியிற் பற்றினாலோ சில பறிப்பாவது தேறும். அம்முதியவர் வரப்பில் நின்று எம் செடிகளைக் காட்டி, “தெகுலு” என்று தம் மொழியிற் சொல்லித் தலையசைத்துப் போனார். சண்டையிடவில்லை. அதுவே எம்மை வருத்தியது.

மஞ்சட் செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிடலாம் என்று யாம் பெரியப்பாவிடம் சொன்னோம்.

“தம்பி, காய்க்கிற செடியைப் பிடுங்கச் சொல்லுகிறாயே! வெளிறிய காய்க்கும் பாதி விலை உண்டு. உன் கல்லூரிச் சம்பளம் அந்தப் பாதியில் இருந்துதான் வருகிறது” என்றார்.

அவர் ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர். ஆதலின் களைகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையையும் எடுத்துவிட்டார்: பிடுங்க வந்த வேலைக்காரரை எசமானனே தடுத்து, அறுப்புக்காலம் வரையில் இரண்டையும் வளரவிடச் சொல்லவில்லையா என்றார். எமக்குச் சிறிது நேரம் விடை தோன்றவில்லை. பின்னர், “பெரியப்பா, களை கோதுமையைக் களையாக மாற்றாது. மஞ்சட் செடி பக்கத்துச் செடியை மஞ்சளாக்கும். அவ்வுவமையின் நிலத்தில் வெள்ளை ஈ இல்லை” என்றோம். அவர் நகைத்தார், இசையவில்லை.

அவர் எண்ணியது ஒரு கணக்கு: நூற்றுக்கு ஐந்து செடி மஞ்சளானால் நூற்றுக்கு ஐந்து பங்கு நட்டம். யாம் படித்தது வேறு கணக்கு. மஞ்சட் செடி ஒன்று ஒரு செடியன்று. அது வழிப்போக்கர் தங்கும் சத்திரம். அங்கே ஈக்கள் பிற செடிகளினும் மிகுதியாக வந்து இறங்கும். இறங்கியவை சும்மா போகா. ஆதலின் அதன் தீங்கைச் செடியின் எண்ணிக்கையால் அளத்தல் ஆகாது, வந்து போகும் ஈக்களால் அளத்தல் வேண்டும். இதனைச் சொல்லாற் சொல்லாமல், விடியற்காலையில் பெரியப்பாவை அழைத்துச் சென்று ஒரு மஞ்சளிலையை மெல்லப் புரட்டிக் காட்டினோம். அடுத்துப் பச்சையிலை ஒன்றைப் புரட்டினோம். அவர் இரண்டையும் தாமே மறுபடி புரட்டினார். பிறகு வேறு வரிசைக்குப் போய் அங்கும் புரட்டினார். ஒன்றும் பேசவில்லை.

திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் ஆந்திரத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அவ்வெல்லைக்காகப் பெரியோர் பலர் போராடினர். ஈக்கு அவ்வெல்லையும் தெரியாது, எம் வரப்பும் தெரியாது. பெரியப்பா அன்று மாலை மண்வெட்டியோடு சென்றார். தோட்டம் முழுதையும் அவர் பிடுங்கவில்லை. முதியவரின் நிலத்தை ஒட்டிய மூன்று வரிசைகளில் மஞ்சள் கண்ட 72 செடிகளை மட்டும் வேரோடு எடுத்தார். நடுத்தோட்டத்தில் நின்றவற்றை, இன்னும் நான்கு பறிப்பு ஆகட்டும் என்று விட்டுவிட்டார். அது போதாது என்பது எம் கருத்து. அதனை அவரிடம் சொல்லவும் செய்தோம். அவர் அதற்கு விடையாக மஞ்சள் அட்டைகள் நான்கு வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்தார். பிடுங்கிய செடிகளைக் குழியில் இடுமுன் பெரியம்மா வந்து, அவற்றில் ஒட்டியிருந்த காய்களை ஒன்று விடாமற் பறித்துக்கொண்டார்.